எது முதலில் உடைந்தது? கறுப்புப் பெட்டிக்கு முந்தைய காலத்து விமான விபத்து விசாரணை

கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு லேத் பட்டறையில் உடைந்த ஷாஃப்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கைதேர்ந்த மிஸ்திரி உடனே அளவெடுக்க மாட்டார். உடைந்த முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்ப்பார். ஒரு பகுதி வழவழவென்று கறுத்துப்போயும், மீதி உடைத்த கற்கண்டுபோல மணிமணியாகப் பளபளத்தும் இருந்தால், "இது இன்னிக்கு உடைஞ்சது இல்லப்பா, ரொம்ப நாளாவே கிராக் உட்டிருக்கு" என்று சொல்லிவிடுவார்.

கறுப்புப் பெட்டி என்று நாம் சொல்லும் பதிவுக் கருவி எதுவும் இல்லாமல் விமானங்கள் பறந்த காலத்தில், விபத்து விசாரணை என்பதில் பெரும்பங்கு இந்த வேலைதான். அங்கே ஒரு ஷாஃப்டுக்குப் பதில் ஆயிரக்கணக்கான துண்டுகள். கறுப்புப் பெட்டி வருவதற்கு முன் எதை வைத்துக் காரணம் கண்டுபிடித்தார்கள் என்று பலர் கேட்பதுண்டு. தகடு, போல்ட், பல்பு, முள், காகிதம், மனிதச் சாட்சி ஆகியவற்றை வைத்துத்தான்.

விசாரணைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி "ஏன் விழுந்தது?" அல்ல. "எது முதலில் உடைந்தது?" என்பதுதான். தரையில் மோதும்போது எல்லாமே உடைகிறது. இறக்கை முறிந்து கிடப்பதால் இறக்கை முறிந்துதான் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆயிரம் உடைவுகளில் வானத்திலேயே நடந்த அந்த ஒன்றைப் பிரித்தெடுப்பதுதான் தொழில்.

இடத்தில் முதல் நாள்

போனவுடன் நான்கு முனைகளைத் தேடுவார்கள்: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். கூடவே இறக்கையிலும் வாலிலும் ஆடும் திருப்புத் தகடுகள். இவை எல்லாம் ஒரே குழியைச் சுற்றிக் கிடந்தால் விமானம் முழுசாகத் தரைக்கு வந்திருக்கிறது. ஒரு இறக்கை நுனி மட்டும் இரண்டு கிலோமீட்டர் பின்னால் வயலில் கிடந்தால் அது மேலேயே கழன்றிருக்கிறது. இந்த ஒரு தேடலிலேயே பாதிக் கற்பனைகள் காலியாகிவிடும்.

பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதிய அட்டை கட்டி, கிடந்த இடத்தைச் சங்கிலியாலும் திசைகாட்டியாலும் அளந்து வரைபடத்தில் குறிப்பார்கள். விமானம் வந்த பக்கத்தில் கிடக்கும் துண்டுதான் பெரும்பாலும் முதலில் பிரிந்தது. இங்கே ஒரு தவறு எளிதாக நேரும். எஞ்சின்போல் கனமான பொருள் விமானத்தின் வேகத்தோடு முன்னோக்கிப் போய் விழும். மெல்லிய தகடு காற்றில் அலைந்து பக்கவாட்டில் ஒதுங்கும். அன்றைய காற்று எந்த உயரத்தில் எந்தத் திசை, என்ன வேகம் என்ற வானிலைக் கணக்கைச் சேர்க்காமல் வரைபடத்தைப் படித்தால், பிரிந்த வரிசையே தலைகீழாகிவிடும்.

இன்னொரு தொல்லை கூட்டம். 1931 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு ஃபோக்கர் எஃப்-10 விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஞாபகார்த்தமாக எடுத்துப்போக வந்தவர்கள் உடைசலில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டார்கள். பனி உறைந்து புரொப்பெல்லர் உடைந்தது என்று முதலில் பேச்சு கிளம்பியது. கடைசியில் குற்றவாளி மர இறக்கைக்குள் இருந்தது: ஈரம் இறங்கி, பசை ஒட்டு விட்டுப்போயிருந்தது. அந்த ஒட்டை வெளியிலிருந்து பார்த்துச் சோதிக்க வழியே இல்லை. இறக்கையைப் பிரித்தால்தான் தெரியும்.

சாட்சி சொல்பவரின் காது

பார்த்தவர்களைத் தனித்தனியாக விசாரிப்பார்கள்; சேர்த்து உட்கார வைத்தால் ஒரே மணி நேரத்தில் எல்லோரும் ஒரே கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கையில் ஒரு சிறு பொம்மை விமானத்தைக் கொடுத்து, எந்தச் சாய்வில் வந்தது என்று காட்டச் சொல்வார்கள். நின்ற இடத்துக்கே அழைத்துப்போய் விரலை நீட்டச் சொல்லி, அந்தக் கோணத்தை அளப்பார்கள்.

நேர்மையான சாட்சியும் தவறாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: ஒலி. காசிமேடு துறைமுகத்தில் ஒருவர் நிற்கிறார், மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கடல்மேல் ஒரு விமானத்தில் ஏதோ வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். சத்தம் அவர் காதுக்கு வர கிட்டத்தட்ட ஒன்பது விநாடி. மணிக்கு 360 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் அதற்குள் 900 மீட்டர் நகர்ந்திருக்கும். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது தீ ஏற்கெனவே பிடித்திருக்கலாம். "முதல்ல தீ, அப்புறம்தான் வெடிச்சது" என்று அவர் சத்தியம் செய்வார். அவர் பார்த்தது அதுதான். நடந்தது அதற்கு நேர்மாறாக இருக்கலாம்.

உடைசல் சொல்லும் சில்லறைச் செய்திகள்

புரொப்பெல்லர் விமானங்களில் முதலில் புரட்டிப் பார்ப்பது புரொப்பெல்லரைத்தான். எஞ்சின் முழு இழுவையில் இருந்து மோதினால் எல்லா இலைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி முறுக்கி, நுனி முன்பக்கம் மடங்கி, விளிம்பெல்லாம் பல் விழுந்திருக்கும். எஞ்சின் நின்றுபோயிருந்தால் அடியில் இருந்த ஒரே ஒரு இலை பின்னால் மடங்கி, மற்றவை நேராக நிற்கும்.

சுழலும் இலைகள் மண்ணைக் கொத்திய தடங்கள் வரிசையாக இருந்தால் வேகத்தையே கணக்குப் போடலாம். இரண்டு இலைப் புரொப்பெல்லர், நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் விநாடிக்கு 40 சுற்று, அதாவது 80 கொத்து. இரண்டு கொத்துகளுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் இருந்தால், விமானம் விநாடிக்கு 48 மீட்டர், மணிக்குச் சுமார் 173 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டிருக்கிறது. கணக்குக்கு அளவு நாடாவும் பென்சிலும் போதும். ஆனால் எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே கியர் இருக்கும் விமானங்களில் எஞ்சின் சுற்றை எடுத்துப் போட்டால் விடை கோணலாகிவிடும். புரொப்பெல்லரின் சுற்றைத்தான் எடுக்க வேண்டும்.

பழைய விமானங்களில் காட்டி முள்களுக்கும் எண்களுக்கும் இருட்டில் ஒளிரும் சாயம் பூசியிருப்பார்கள். மோதும் கணத்தில் முள் வளைந்து தட்டின்மேல் அறையும், சாயத்தில் துளி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி நொறுங்கி, முள்ளே காணாமல் போயிருந்தாலும், புற ஊதா விளக்கில் அந்த முத்திரை தெரியும். வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று தட்டே சொல்லிவிடும். உள்ளே சுழலும் சக்கரத்தால் விமானத்தின் சாய்வைக் காட்டும் கைரோ கருவியைப் பிரித்தால் உள்ளே உறையில் வட்ட வட்டமாகக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மோதும்போது சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. ஒரே இடத்தில் நசுங்கல் மட்டும் என்றால் அது முன்பே நின்றுவிட்டது. விமானி மேகத்துக்குள் சாய்வு தெரியாமல் பறந்திருக்கலாம்.

இவற்றில் அழகானது பல்பு. எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, இல்லையா? எரியும் பல்பின் இழை சூட்டில் இளகியிருக்கும், அடி விழுந்ததும் ஸ்பிரிங் இழுபட்டதுபோல நீண்டு தொங்கும். அணைந்திருந்த பல்பின் இழை குளிர்ந்து விறைப்பாக இருப்பதால் கண்ணாடித் துண்டுபோலப் பட்டென்று ஒடியும், சுருள் குலையாது. எரியும்போதே கண்ணாடியும் உடைந்திருந்தால் காற்றுப் பட்டு இழை நிறம் மாறி, வெள்ளைப் புகைபோலப் பொடி படிந்திருக்கும். சுண்டுவிரல் நகம் அளவு பல்பை உருப்பெருக்கியில் பார்த்து, விமானி முன்னால் எந்த விளக்கு எரிந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

தீ விஷயத்தில் ஒரே கேள்வி: மேலேயா, கீழேயா? பறக்கும்போது பிடித்த தீயில் கரி, காற்றோட்டத்தின் வழியே பின்னோக்கிக் கோடாகப் படியும். ரிவெட் தலைக்குப் பின்னால் மட்டும் நிழல்போலச் சுத்தமாக இருக்கும். உருகிய அலுமினியம் துளித்துளியாக வால்பக்கம் தெறித்து ஒட்டியிருக்கும். தரையில் எரிந்தால் கரி மேல்நோக்கிப் போகும், உலோகம் கீழே குட்டையாக ஓடி உறையும். இன்னும் உறுதியான சோதனை: பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது. கரி இரண்டிலும் தொடர்ந்து ஓடினால் எரிந்த பிறகு உடைந்தது. ஒன்று கன்னங்கரேலென்றும் அதன் ஜோடி பளிச்சென்றும் இருந்தால், உடைந்த பிறகுதான் எரிந்தது.

இப்படிச் சேர்க்கும்போது ஒரு கட்டளை உண்டு. இது பட்டறைக்காரர்களுக்கும் பயன்படும். உடைந்த இரண்டு முகங்களை ஒன்றோடொன்று பொருத்தி அழுத்திப் பார்க்கக் கூடாது. கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்கவும் கூடாது. செய்தி இருப்பது அந்த முகத்தின் நுண்ணிய மேடு பள்ளங்களில்தான், ஒரு உரசலில் அது நசுங்கிப் போகும். கடலில் எடுத்த துண்டை உடனே நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். உப்போடு விட்டால் அலுமினியம் பொரிந்து, முகம் சில நாளிலேயே படிக்க முடியாமல் போய்விடும்.

சோர்ந்த உலோகம்

முதலில் சொன்ன ஷாஃப்டுக்கு வருவோம். ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்கப் பெரிய பலம் வேண்டும். அதையே முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சின்னப் பலத்திலேயே அறுந்துவிடும். இதுதான் உலோகச் சோர்வு. இதை உலகத்துக்குக் காட்டியது விமானம் அல்ல, ரயில் ஆக்சில். 1842-இல் வெர்சாய் ரயில் விபத்தில் ஆக்சில் முறிந்தது பெரிய கேள்வியைக் கிளப்பியது. ஜெர்மானியப் பொறியாளர் வோலர், ஆக்சில்களைச் சுழற்றிச் சுழற்றி எத்தனை சுற்றில் உடைகிறது என்று கணக்கெடுத்தார். ராயபுரத்திலிருந்து 1856-இல் ரயில் ஓட ஆரம்பித்த ஊர் நம் சென்னை. பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிலைச் சோதிப்பவர்களுக்கு இந்தச் சங்கதி பரம்பரைச் சொத்து.

விரிசல் ஒரு கீறலிலோ, துளை ஓரத்திலோ, கூர்மையான மூலையிலோ தொடங்கும். ஒவ்வொரு சுமைக்கும் ஒரு மயிரிழை நகரும். நகர்ந்து நின்ற இடங்கள் அலை வடிந்த மணலில் விழும் கோடுகள்போல வளைவு வளைவாகத் தெரியும். அந்த வளைவுகளின் மையத்தை நோக்கி விரலை நகர்த்தினால் விரிசல் பிறந்த புள்ளிக்கே போய்விடலாம். மிச்சமிருக்கும் உலோகம் சுமை தாங்காத அன்று, ஒரே கணத்தில் முறியும். அதுதான் மணிமணியான பகுதி. வழவழப் பகுதி பெரிதாகவும் மணிப் பகுதி சிறிதாகவும் இருந்தால், பொருள் பலமாகத்தான் இருந்தது, பல காலம் தாக்குப்பிடித்தது என்று அர்த்தம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகு இன்னும் நுண்ணிய கோடுகளை எண்ணி, எத்தனை முறை சுமை ஏறி இறங்கியது என்றுகூடக் கணக்கிட்டார்கள்.

சென்னைக்கு வரவேண்டிய ஒரு விமானமே இதற்கு எடுத்துக்காட்டு. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விழுந்து 95 பேரும் இறந்தார்கள். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் கம்பிரசரின் பத்தாவது அடுக்குத் தட்டில் சோர்வு விரிசல். தட்டு சிதறி உறையைப் பிளந்தது. எரிபொருள் குழாய் அறுந்து தீப்பிடித்தது. தீயில் ஹைட்ராலிக் எண்ணெய் போனது. எண்ணெய் போனதும் விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாடு போனது. கடைசியில் நடந்தது கட்டுப்பாடு இழப்பு. முதலில் நடந்தது ஒரு தட்டின் விரிசல். விசாரணை போக வேண்டிய திசை எப்போதும் இந்தப் பின்னோக்கிய திசைதான்.

காமெட்: தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு விமானம்

பழைய முறைகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடிய விசாரணை என்றால் காமெட்தான். உலகின் முதல் ஜெட் பயணி விமானம், 1952 மே 2 அன்று சேவைக்கு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒன்று இடிமழைக்குள் சிதறி 43 பேர் இறந்தார்கள். பழி புயல்மேல் போனது. 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே இன்னொன்று, 35 பேர். எஞ்சின் தீயாக இருக்கலாம் என்று ஊகித்துப் பல மாற்றங்கள் செய்து, மார்ச் 23 அன்று மறுபடி பறக்க விட்டார்கள். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸுக்குத் தெற்கே மூன்றாவது விழுந்தது, 21 பேர். காரணம் கிடைக்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பழுதுபார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அந்தப் பதினாறு நாள் போதும்.

நேப்பிள்ஸ் பக்கம் கடல் சுமார் 1,000 மீட்டர் ஆழம், எதையும் எடுக்க வழியில்லை. எல்பாவில் ஆழம் குறைவு என்றாலும் நூறு மீட்டருக்கும் மேல். பிரிட்டிஷ் கடற்படை நீருக்கடியில் டெலிவிஷன் கேமராவை இறக்கித் தேடியது. இரும்புக் கைகளால் பொறுக்கியது. மீன்பிடி விசைப்படகுகளை வைத்துக் கடலடியில் மடிவலை இழுத்தது. நம் காசிமேட்டு விசைப்படகு இறால் அள்ளுவதும் இதே மடியால்தான். கிடைத்ததை ஃபார்ன்பரோவில் இருந்த விமான ஆய்வுக் கூடத்துக்குக் கொண்டுபோய், மரச் சட்டத்தில் விமானத்தின் வடிவத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதம் மீண்டது.

அதற்கு முன்பே இத்தாலிய மருத்துவர் ஒரு துப்பு கொடுத்திருந்தார்: இறந்தவர்களின் நுரையீரல் கிழிந்திருந்தது, மண்டை ஓட்டில் முறிவு இருந்தது. காற்றழுத்தம் திடீரென்று போனதற்கும், ஆட்கள் மேலே தூக்கி எறியப்பட்டதற்கும் அவை அடையாளங்கள். இடது இறக்கையில் கேபின் தகட்டின் பெயின்ட் இழுபட்டிருந்தது. அப்படியென்றால் இறக்கை ஒழுங்காக இருந்தபோதே கேபின் வெடித்து அதன்மேல் மோதியிருக்கிறது.

கேபின் ஏன் வெடித்தது? மேலே காற்று மெலிந்திருப்பதால் உள்ளே அழுத்தம் ஏற்றுவார்கள். காமெட்டில் வெளிக்கும் உள்ளுக்கும் வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு 8.25 பவுண்டு. பைக் டயரில் இதைவிட மூன்று மடங்கு இருக்கும், இது என்ன பெரிய அழுத்தம் என்று தோன்றும். ஆனால் ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம். பெருக்கினால் சுமார் 540 கிலோ, ஒவ்வொரு சதுர அடியிலும். அதைத் தாங்கியது 22 கேஜ் தகடு, கிட்டத்தட்ட 0.7 மில்லிமீட்டர். டிங்கர் வேலை தெரிந்தவர்களுக்கு அதன் கனம் கைக்கே தெரியும். ஒவ்வொரு பயணத்திலும் இந்தத் தோல் ஒருமுறை ஊதி, ஒருமுறை சுருங்கியது.

இதைச் சோதிக்க, ஏற்கெனவே 1,221 அழுத்தச் சுற்று முடித்திருந்த ஒரு காமெட்டின் உடலை அப்படியே பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். இறக்கைகள் மட்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஹைட்ராலிக் ஜாக்குகள் அவற்றை வளைத்தன. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். ஏன் காற்று வேண்டாம்? மணலி ஆலைகளில் கலனுக்கு ஹைட்ரோ டெஸ்ட் போடுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: காற்று அமுங்கும், ஸ்பிரிங்போல வலுவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கலன் பிளந்தால் குண்டுபோல வெடித்துச் சிதறும். தண்ணீர் அமுங்காது, ஒரு கிழிசல் விழுந்தவுடன் அழுத்தம் பொசுக்கென்று இறங்கிவிடும். கிழிசல் தொடங்கிய இடம் கெடாமல் கிடைக்கும்.

தொட்டியில் மேலும் 1,836 சுற்று ஓட்டினார்கள். மொத்தம் 3,057-இல் ஜன்னல் வெட்டின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது. தகட்டில் துளை வெட்டினால் மூலையில் சுமை குவியும்; வளைவு இறுக்கமாக இருக்க இருக்கக் குவிவு கூடும். எல்பா விமானம் 1,290 சுற்றிலும், நேப்பிள்ஸ் விமானம் 900 சுற்றிலும் முடிந்திருந்தன. ஒரே அச்சில் வார்த்த விமானங்கள் ஏன் இவ்வளவு வித்தியாசமாக உடைகின்றன என்ற கேள்வி வரும். சோர்வின் குணமே அதுதான். ஒரு ரிவெட் துளையின் ஓரம் கொஞ்சம் பிசிறாக இருந்தால் போதும், ஆயுள் பாதியாகும். பிறகு எல்பாவில் கிடைத்த கூரைத் துண்டில், திசையறியும் ஆண்டெனாவுக்காக வெட்டிய ஜன்னலின் மூலையில், சோர்வு விரிசலும் கண்ணுக்குத் தெரிந்தது.

யார் விசாரிப்பது?

பிரிட்டன் 1915-லேயே இதற்கென ஒரு கிளையை உண்டாக்கியது. எந்த மண்ணில் விழுந்ததோ அந்த நாடு விசாரிக்கும், விமானத்தைப் பதிந்த நாடும் தயாரித்த நாடும் ஆளனுப்பும் என்ற முறை 1951-இல் ஏற்ற சர்வதேச விதி, சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் பதிமூன்றாம் இணைப்பு. நம் நாட்டில் அப்போது 1937 விமான விதிகளின்படி சிறியதை ஆய்வாளர் பார்த்தார், பெரியதற்கு நீதிபதி தலைமையில் விசாரணை மன்றம் அமைத்தார்கள். ஆய்வாளர்கள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திலேயே இருந்தார்கள். விமானத்துக்கும் விமானிக்கும் உரிமம் கொடுத்த அதே அலுவலகம், தான் கொடுத்தது சரியா என்றும் பார்த்தது. இது நல்ல ஏற்பாடு இல்லை. தனி அமைப்பு வர 2012 ஆனது.

கீறல் விழுந்த தகடு

ஆரம்பகாலப் பதிவுக் கருவிகள் பலவற்றில் டேப் கிடையாது. மெதுவாக நகரும் உலோகத் தகட்டுச் சுருளில் ஊசிகள் கீறும்: உயரம், வேகம், திசை, மேலும் கீழும் ஆடிய விசை, நேரம். ஐந்தே கோடு. விபத்துக்குப் பிறகு தகட்டை விரித்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு கீறலின் தூரத்தையும் அளந்து, வரைதாளில் புள்ளி வைப்பார்கள். ஊசி மோதலில் குதித்து இழுத்த கோட்டைப் பறத்தலின் கோடாக எடுத்துக்கொண்டால் எல்லாம் வீண்.

பேச்சையும் பதிய வேண்டும் என்று சொன்னவர் ஆஸ்திரேலியாவின் டேவிட் வாரன். காமெட் விவகாரத்தில் ஈடுபட்டபோது எழுந்த எண்ணம் அது. எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சையும் சில காட்டிகளின் அளவுகளையும் பதியும் மாதிரியைச் செய்தார். சொந்த நாட்டில் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1960 ஜூன் 10 இரவு, குவீன்ஸ்லாந்தின் மக்காய் ஊரில் மூடுபனியில் இறங்க முயன்ற ஃபோக்கர் விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தார்கள். உடைசலை மேலே எடுத்துப் பார்த்தும் காரணம் இதுதான் என்று சொல்ல முடியவில்லை. விமானி அறைப் பேச்சைப் பதியும் கருவி வேண்டும் என்று விசாரித்த நீதிபதி எழுதினார். அதைக் கட்டாயமாக்கிய முதல் நாடு ஆஸ்திரேலியா.